முப்பதாயிரத்தில் மேடைக்கு ஒரு கிட்டார்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து. ஏறக்குறைய எல்லாமே எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி, அதுவும் மேடையில் வாசிப்பதைப் பற்றி. அதனால் வயலின், கீபோர்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், எனக்கு 23 வயது. இத்தனை நாள் அகௌஸ்டிக் கிட்டார்தான். இப்போது ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்திருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் என்று புரோகிராம் வருகிறது. சனிக்கிழமைகளில் ஒயிட் டவுன் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் மூன்று பேராக வாசிக்கிறோம். கையில் மொத்தமே 30,000 ரூபாய். கூட்டாளி ஒருவன் ஃபிளாய்டு ரோஸ் டிரெமலோ உள்ள கிட்டாரை 25,000-க்குத் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா, இல்லை வேறு எது வாங்கலாம்?
(ஒரு வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: கூட்டாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி. அது மோசமான கிட்டார் என்பதற்காக அல்ல, உங்கள் வேலைக்கு ஆகாது என்பதற்காக. டிரெமலோ என்பது கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு. அதில் ஃபிளாய்டு ரோஸ் வகையில் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் துண்டு) மரத்தின் மேல் உட்கார்ந்திருக்காது. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்க, முதுகுப் பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கிற இடத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் பக்கம் ஜெயித்துவிடும், மீதி ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிப்போய்விடும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஆலன் கீயைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை பாடகர்கள். மூன்றாவது பாட்டுக்கு மேல் ஒருவர் வந்து "தொண்டை கட்டிக்கிச்சு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உங்களைப் பார்ப்பார். ஏற்றுவதென்றால் கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுச் சமாளிக்கலாம், இறக்குவதற்குக் கேப்போ உதவாது. அசையாத பிரிட்ஜ் என்றால் அடுத்த பாட்டுக்கு அறிவிப்பு செய்து முடிப்பதற்குள் ஆறு கம்பியையும் இறக்கிவிடலாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒன்றை இறக்கினால் மற்றவை ஏறும், அவற்றை இறக்கினால் முதலில் இறக்கியது நகர்ந்திருக்கும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் அசையாத பிரிட்ஜ், இல்லையென்றால் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது போன்ற சாதாரண டிரெமலோ, இரண்டில் ஒன்று எடுங்கள். சாதாரண டிரெமலோ என்றால் பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் பிரிட்ஜ் மரத்தோடு ஒட்டி உட்காரும் வரை இறுக்கிவிடுங்கள். டிரெமலோ கைப்பிடியை வீட்டிலேயே வைத்துவிடலாம். கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் நகராது.

அடுத்தது பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி. இதில்தான் ஆர்கெஸ்ட்ரா கிட்டாரிஸ்டின் பிழைப்பு இருக்கிறது. எண்பதுகளின் மெலடி ஒன்றுக்கு விரலால் மீட்டுகிற தெளிவான ஒலி வேண்டும், அடுத்தது குத்துப் பாட்டு, அதற்கடுத்து டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) சோலோ, நடுவில் கிட்டாரை மாற்ற நேரமும் கிடையாது, மாற்ற இன்னொரு கிட்டாரும் கிடையாது. ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் தெளிவாகப் பேசும், ஆனால் மின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். அதற்கு மாற்றாக 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் வடிவமைத்தது ஹம்பக்கர்: இரண்டு காயில்கள், ஒன்றுக்கு ஒன்று எதிராகச் சுற்றியவை, காந்தமும் எதிர்த் துருவம். அதனால் கம்பியின் ஒலி கூடும், இரைச்சல் கழியும். ஒலி கொஞ்சம் தடிமனாக வரும், டிஸ்டார்ஷனுக்கு அதுதான் வசதி. இரண்டும் ஒரே கிட்டாரில் இருக்கும் அமைப்பைக் கடைகளில் எச்.எஸ்.எஸ். என்பார்கள், அதாவது பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டு இடத்திலும் சிங்கிள் காயில். உங்களுக்கு அதுதான்.

பெயர் கேட்டால், என் ஓட்டு யமஹா பசிஃபிகாவுக்கு. 1990-லிருந்து வந்துகொண்டிருக்கும் வரிசை அது. ஆடம்பரம் இல்லை, மேடையில் யாரும் திரும்பிப் பார்த்து "என்ன கிட்டார் சார் இது" என்று கேட்கமாட்டார்கள், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தரம் அதிகம் மாறாது, அதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் பட்ஜெட்டுக்கு அதில் 012 மாடல். கூடுதலாகப் பணம் புரட்ட முடிந்தால் 112வி. அதில் டோன் நாபை வெளியே இழுத்தால் ஹம்பக்கர் பாதியாகப் பிரிந்து சிங்கிள் காயிலாக வேலை செய்யும். ஐபனெஸ் ஜியோ வரிசையும் நல்லது, கழுத்து மெலிந்திருக்கும், சின்னக் கைக்கும் சோலோ வேகத்துக்கும் ஏற்றது. ஸ்குவையர் என்பது ஃபெண்டரின் மலிவு வரிசை, அதில் எச்.எஸ்.எஸ். மாடலும் உண்டு, மூன்றும் சிங்கிள் காயிலாக உள்ளதும் உண்டு, பார்த்து வாங்குங்கள். கோர்ட் என்ற கொரிய கம்பெனியை நம் ஆட்கள் மட்டமாகப் பேசுவார்கள். இந்தோனேசியாவில் அதே கோர்ட் தொழிற்சாலையில்தான் வேறு பெரிய பெயர்கள் போட்ட கிட்டார்களும் தயாராகின்றன என்பதை அவர்களிடம் சொல்லிப்பாருங்கள்.

எபிஃபோன் லெஸ் பால் வகையை உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஒலி அருமை, பிரிட்ஜும் அசையாது. ஆனால் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும், நட்டுக்குப் (கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை) பின்னால் கழுத்து மெலிந்த இடம் அது, கிட்டார் கீழே சாய்ந்தால் முதலில் உடைவதும் அங்கேதான். நம் மேடைகளில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்த கிட்டாருக்கும் தாம்பூலப் பையோடு ஓடிவரும் குழந்தைக்கும் நடுவே இருக்கிற தூரம் உங்களுக்கே தெரியும்.

முடிந்தால் ஆன்லைனில் வாங்காமல் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஈசிஆர் பஸ்ஸில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் சென்னை. அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் உள்பட நாலு கடை ஏறி இறங்கலாம். ஒரே மாடலில் இரண்டு மூன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள், இந்த விலையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆம்பில் செருகுவதற்கு முன் வெறுமனே வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டாக (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அழுத்திக்கொண்டு மேலே வாருங்கள், எங்காவது 'ஜிர்' என்றால் கவனியுங்கள். எல்லா இடத்திலும் சேர்ந்து ஜிர் என்றால் அது செட்டப் குறை (கம்பி உயரம், கழுத்து வளைவு போன்றவற்றைச் சரிசெய்வதுதான் செட்டப்), சரியாகிவிடும், ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் என்றால் அந்த ஃபிரெட் தூக்கியிருக்கிறது, வேறு எடுங்கள். மூன்றாவது கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள், சுருதிக்குத் திரும்பி வருகிறதா என்று டியூனரில் பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும், அதற்காக ஒரு நல்ல கிட்டாரைக் கழித்துவிட வேண்டாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். 30,000-ல் கிட்டாருக்கு 20,000-க்கு மேல் போடாதீர்கள். மீதியில் சின்னதாக ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (டிஸ்டார்ஷன், எதிரொலி எல்லாம் ஒரே பெட்டியில்), நல்ல கேபிள் இரண்டு (ஒன்று அல்ல, இரண்டு), அகலமான ஸ்டிராப், கிளிப் டியூனர், இரண்டு செட் கம்பி, மழைக்குத் தாங்கும் பை. அப்புறம் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு செட்டப். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய கம்பிக்கு ஒன்றரை மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு இரண்டு என்ற அளவில் வைத்துத் தரச் சொல்லுங்கள். 20,000 ரூபாய் கிட்டாரைச் செட்டப் செய்து வாசித்தால், செட்டப் இல்லாத 50,000 ரூபாய் கிட்டார் பக்கத்தில் நிற்காது.

கேள்வி: ஆம்ப் வாங்கியே ஆக வேண்டுமா? நேராக மைக் செட் மிக்சரில் செருகினால் ஒலி தகரம் தட்டுவது போல் இருக்கிறது.
(ஒரு வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: வாங்க வேண்டாம், இப்போதைக்கு. நம் ஊர் மைக் செட்காரர்களுக்கு ஆம்ப் முன்னால் மைக் வைத்து எடுக்கும் பழக்கம் குறைவு, ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும் உங்கள் தலையில்தான்.

தகர ஒலிக்கு இரண்டு காரணம். கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மெலிந்தது, மிக்சரின் சாதாரண லைன் இன்புட் அதற்கு ஏற்றதல்ல, உச்ச ஒலிகள் அடிபட்டு உயிரே இல்லாமல் வரும். இன்னொன்று, டிஸ்டார்ஷன் போட்டால் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர்தான் அந்தக் கரகரப்பை வடிகட்டிக் காதுக்கு இதமாக்கும், மிக்சரில் நேராகப் போனால் வடிகட்ட ஆளில்லை. மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் இரண்டையும் சரிசெய்யும். அதில் கேபினெட் சிமுலேஷன் என்று ஒன்று இருக்கும் (ஆம்ப் ஸ்பீக்கர் செய்கிற வடிகட்டலைப் போலச் செய்வது), அதைப் போட்டுவிட்டு மிக்சருக்கு அனுப்புங்கள், ஆனால் பெடலிலிருந்து கிட்டார் ஆம்புக்குள் போகிற நாளில் அதை அணைத்துவிடுங்கள்.

ஜூம் ஜி1 ஃபோர், பாஸ் ஜிடி-1 இரண்டுமே நாலு ஏஏ பேட்டரியில் ஓடும், ஹெட்ஃபோனும் மாட்டலாம். பேட்டரியில் ஓடுவது கரண்ட் போகிற ஊரில் வசதி மட்டுமல்ல, மலிவான அடாப்டர் கொடுக்கும் 'ஙொய்' சத்தமும் கிடையாது. வீட்டில் ஹெட்ஃபோனில் அழகாகச் செய்து வைத்த ஒலி மேடையில் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், ரிவர்பையும் டிலேயையும் பாதியாகக் குறைத்து மிட் (நடுத்தர ஒலிகள்) கொஞ்சம் ஏற்றுங்கள், மண்டபமே வேண்டிய அளவுக்கு எதிரொலி கொடுக்கும்.

கேள்வி: கோயில் திருவிழா மேடையில் சீரியல் செட் போட்டதும் கிட்டாரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்துவிடுகிறது. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்றும் இருக்கிறது. கிட்டார் கெட்டுவிட்டதா?
(ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இரைச்சலைப் பற்றி அப்புறம் பேசுவோம், அந்தச் சுருக்கைப் பற்றி முதலில். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த் வயரோடு இணைந்திருக்கும். மிக்சரோ பெடல் அடாப்டரோ சரியாக எர்த் ஆகவில்லை என்றால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். 230 வோல்ட் விளையாட்டு இல்லை. அந்த நிமிடமே வாசிப்பதை நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜெனரேட்டர் எர்த்தையும் ஜங்ஷன் பாக்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். விழாக் கமிட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மேடையில் மிக்சர், கீபோர்டு, பெடல் எல்லாம் எர்த் சரியாக உள்ள ஒரே லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், லைட்டுக்கு வேறு லைன். இரைச்சல் குறைகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடும் 'நிபுணர்கள்' உண்டு. அவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

இனி இரைச்சல். கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் வயரிங் சரியாக இருக்கிறது, சிங்கிள் காயில் வெளியிலிருந்து பிடிக்கிறது, அவ்வளவுதான். தொட்டதும் கூடினால் எங்கோ வயர் மாறியிருக்கிறது அல்லது எர்த் கோளாறு. முதல் வகை என்றால் ஹம்பக்கருக்கு மாறி வாசியுங்கள். நடுப் பிக்கப்பை எதிர்ச் சுற்றாகச் சுற்றியிருக்கும் கிட்டார்களில் பிக்கப் மாற்றும் ஸ்விட்சின் 2, 4 இடங்களிலும் இரைச்சல் அடங்கும். நிற்கிற திசையை மாற்றிப் பாருங்கள், கால் சுற்றுத் திரும்பினாலே சில மேடைகளில் பாதி குறையும். டிம்மர் போட்ட லைட்டும் மலிவு எல்இடி அடாப்டர்களும்தான் பெரும்பாலும் குற்றவாளி, அவற்றின் வயருக்குப் பக்கத்தில் உங்கள் கேபிளைப் போடாதீர்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய, பிக்கப் குழிக்குள் தாமிரத் தகடு ஒட்டி அதை எர்த் வயரோடு இணைக்கலாம், ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு ஒரு சாயங்கால வேலை.

கேள்வி: ஆரோவில்லில் ஊருக்குத் திரும்புகிற ஒருவர் கிட்டாரை விற்கிறார். செகண்ட் ஹேண்டில் என்ன பார்க்க வேண்டும்?
(ஒரு வாசகர், கோட்டக்குப்பம்)

பதில்: பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். முதலில் கிட்டாரைத் திருப்பி, தலைக்குக் கீழே கழுத்தின் பின்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள், ஒட்டிய விரிசல் இருந்தால் நகம் தடுக்கும். அப்புறம் கழுத்தை முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், லேசாக முன்னால் வளைந்திருப்பது சரி, முறுக்கியிருந்தால் நடையைக் கட்டுங்கள். டிரஸ் ராட் (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருகுகிறதா என்று விற்பவரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சிக்கி நின்றுபோன டிரஸ் ராட் உள்ள கிட்டார் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நம்முடைய கடலோரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில்களின் குட்டி ஸ்குரூக்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் கம்பி உயரத்தை மாற்றவே முடியாது. ஃபிரெட்டுகளில் முதல் ஐந்துக்குள் கம்பிக்கு நேராகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி ஆட்டுங்கள், கரகரத்தால் பயமில்லை, ஜாக்கைப் பிடித்திருக்கும் திருகு நட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் புது ஜாக் போட்டால் முடிந்தது, ஆனால் விலையில் குறைத்துக் கேட்க நல்ல காரணம். தலையில் ஃபெண்டர் என்று இருந்தால் மட்டும் அது ஃபெண்டர் ஆகிவிடாது, ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது. சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து கம்பெனியின் தளத்தில் சரிபாருங்கள், விற்பவர் எண்ணைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

கேள்வி: என் மகன் காலேஜ் இரண்டாம் வருடம். கிட்டார், ஆம்ப், பை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்கு ஒரு காம்போ வருகிறது, அதில் கச்சேரியும் செய்யலாம் என்கிறான். நம்பலாமா?
(ஒரு தாய், நெல்லிக்குப்பம்)

பதில்: பழகலாம் அம்மா, கச்சேரி செய்ய முடியாது. கூட வரும் 10 வாட் ஆம்ப் படுக்கையறைக்குப் போதும், டிரம்ஸ் அடிக்கும் மேடையில் அவனுக்கே கேட்காது. டியூனிங் கீ நிலையாக நிற்காது, அதனால் பையன் தனக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுவான், இதுதான் என் பெரிய பயம். காலேஜ் கல்ச்சுரல்ஸில் வாசிக்கத்தான் கேட்கிறான் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்து, ஆம்ப் இல்லாமல் நல்ல கிட்டாராக மட்டும் வாங்கிக்கொடுங்கள். விற்றாலும் பாதி விலையாவது வரும்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. கம்பி மாற்றி ஒரு மாதத்துக்குள் துருப்பிடித்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
(ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: தலைக்கு மட்டும் தடவுங்கள். கம்பியில் தடவினால் தூசியும் அழுக்கும் சேர்ந்து ஒலி செத்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள், வியர்வைதான் உப்புக்காற்றைவிடச் சீக்கிரம் தின்னும். ஜன்னல் ஓரம் ஸ்டாண்டில் நிறுத்தாமல் பைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து உள்ளே வையுங்கள். பூச்சுப் போட்ட கம்பிகள் (எலிக்சர் போன்றவை) விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் வீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். சேடில் ஸ்குரூக்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, குண்டூசி முனையில் எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழுத்து ஈரம் குடித்து முன்னால் வளையும், கம்பி உயர்ந்துவிட்டது போல் தெரியும். டிரஸ் ராடைக் கால் சுற்று வலப்பக்கம் இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம்.

கேள்வி: மேடைக்கு எந்த நிறக் கிட்டார் எடுப்பாக இருக்கும்?
(ஒரு வாசகர், வில்லியனூர்)

பதில்: உங்கள் ஆர்கெஸ்ட்ரா யூனிஃபார்ம் என்ன நிறம் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? கறுப்பு வேண்டாம், விரல் ரேகை எல்லாம் வீடியோவில் தெரியும்.

கேள்வி: மேடையில் அடிக்கடி முதல் கம்பி அறுந்துவிடுகிறது. தடித்த கம்பி போட்டால் நிற்குமா?
(ஒரு வாசகர், பாகூர்)

பதில்: எங்கே அறுகிறது என்று பாருங்கள். அறுந்த துண்டை எடுத்துக் கிட்டாரில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் பக்கமே அறுந்தால் அந்தச் சேடிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருக்கிறது. ரொம்ப நைஸான உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, கம்பி உட்காரும் பள்ளத்தை நாலு முறை தேய்த்துவிட்டுப் புதுக் கம்பி போடுங்கள். டியூனிங் கீ பக்கம் அறுந்தால் கம்பியை ஓட்டையில் கூர்மையாக மடக்குகிறீர்கள், இரண்டு மூன்று சுற்று வருமாறு தளர்வாக விட்டுச் சுற்றுங்கள். நடுவில், பிக்கப்புக்கு மேல் அறுந்தால் கை கனமாக விழுகிறது, அப்போது மட்டும் .009-லிருந்து .010 செட்டுக்கு (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில்) மாறுங்கள். மாறினால் கம்பியின் இழுப்பு கூடி, கழுத்து கொஞ்சம் முன்னால் வளையும், செட்டப் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் தனியாக விற்கிற முதல் கம்பி நாலைந்து, கம்பி வெட்டும் கட்டர் ஒன்று பையின் முன் ஜிப்பில் இருக்கட்டும், கேபிளுக்கு அடியில் அல்ல.